பழைய வேகன்-ஆருக்குப் புது வெளிச்சம்

கேள்வி: என் 2007 வேகன்-ஆரில் ஹெட்லைட் மங்கல். எல்இடி பல்ப் போடலாமா? ரிமோட்டில் கதவு திறக்கவும் ஆசை. – வாசகர், திண்டிவனம்

பதில்: எல்இடி வேண்டாம் சார். உங்கள் விளக்கின் கிண்ணம் ஹாலஜன் இழைக்காகச் செய்தது. அதில் எல்இடியைச் செருகினால் வெளிச்சம் சிதறி, எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிக்கும்.

முதலில் விளக்கின் முகப்பைப் பாருங்கள். மஞ்சளித்திருந்தால் 2000ஆம் நம்பர் வாட்டர் பேப்பரில் (மிக நைசான உப்புத்தாள்) தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போடுங்கள். அப்புறம் இன்ஜின் ஓட, விளக்கு எரிய, பல்ப் முனையில் மல்டிமீட்டர் வைத்து வோல்ட் பாருங்கள். என் பழைய வண்டியில் பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பில் 11.6தான். மீதியைப் பழைய ஒயரும் சுவிட்சும் தின்றுவிட்டன. பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராக மின்சாரம் விடும் ரிலே என்ற சுவிட்சோடு தனி ஒயரிங் போட்டதும், அதே 60/55 வாட் (ஹை பீம்/லோ பீம்) பல்ப் பளிச்சென்று எரிந்தது. அதற்கு முன்னால் ரிலே இல்லாமல் 100/90 வாட் பல்ப் போட்டு, மரக்காணம் தாண்டியதும் ஸ்டியரிங் அடியில் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. என் புத்திசாலித்தனம் அப்படி!

ரிமோட்டுக்கு சென்ட்ரல் லாக் கிட் போதும். ஓட்டுநர் கதவுக்கு, மற்ற கதவுகளுக்கும் சேதி சொல்லும் ஐந்து ஒயர் மோட்டார்; மற்றவற்றுக்கு இரண்டு ஒயர். இடம் மாறினால், சாவி போட்டுப் பூட்டும்போது மற்ற கதவுகள் பூட்டாது. ஒயரைக் கதவின் ரப்பர் குழாய்க்குள்ளேயே விடச் சொல்லுங்கள். வெளியே விட்டால் கதவிடுக்கில் நசுங்கும். வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய சாவியைப் பத்திரமாக வையுங்கள், ரிமோட் செல் சொல்லிக்கொண்டு தீராது.