2 வயதில் இதய ஆபரேஷன், இப்போது 18: இனி எந்த டாக்டர்?

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே 'ஃபேலட்' என்ற இதயக் குறை. 2 வயதில் ஆபரேஷன் ஆனது. வருடம் ஒருமுறை குழந்தைகள் இதய நிபுணரிடம் காட்டி வந்தோம். 18 வயது ஆகிவிட்டதால் இனி பெரியவர்களுக்கான டாக்டரைப் பாருங்கள் என்கிறார். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஜூனில் கோவையில் கல்லூரி, விடுதி. இனியும் செக்கப் தேவையா? கல்யாணம், பிள்ளைப்பேறு என்று வந்தால் சிக்கல் வருமா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: தேவை அம்மா, ஆயுள் முழுக்கத் தேவை. பல பிள்ளைகள் எங்கள் கண்ணிலிருந்து காணாமல் போவது இந்த வயதில்தான். பழைய டாக்டர் அனுப்பிவிடுவார். பிள்ளை ஓடியாடிக்கொண்டிருப்பதால் புது டாக்டரைத் தேட வீட்டில் அவசரம் இருக்காது. சில வருடம் கழித்துப் படபடப்பு என்று வந்து நிற்கும்போது கையில் ஒரு காகிதமும் இருக்காது.

"ஆபரேஷன்தான் ஆகிவிட்டதே" என்று நினைப்பீர்கள். அந்த ஆபரேஷனில் கீழறைகளுக்கு நடுவே இருக்கும் ஓட்டையை ஒட்டுப்போட்டு அடைப்பார்கள், நுரையீரலுக்குப் போகும் குறுகலான பாதையை விரிப்பார்கள். விரிக்கும்போது பல குழந்தைகளுக்கு அங்குள்ள வால்வையும் சேர்த்து வெட்ட நேரிடும். ஆக்சிஜன் குறைவால் உடம்பில் இருந்த நீலம் போய்விடும், பிள்ளையும் நன்றாக வளரும். ஆனால் அந்த வால்வு தாழ்ப்பாள் இல்லாத கதவு மாதிரிதான். நுரையீரலுக்குப் போன ரத்தத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வரும். அதைத் தாங்கித் தாங்கி வலது கீழறை மெல்லப் பெரிதாகும். வருடக்கணக்கில் வெளியே எதுவும் தெரியாது. அதனால்தான் எக்கோ, ஈசிஜி, சில வருடங்களுக்கு ஒருமுறை இதய எம்ஆர்ஐ. அறை மிகவும் வீங்குவதற்குள் புது வால்வு வைத்துவிட வேண்டும். சிலருக்கு அதை நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாகவே வைக்க முடிகிறது.

சரி, யாரிடம் போவது? பக்கத்துத் தெரு இதய நிபுணர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் அவர் தினமும் பார்ப்பது மாரடைப்பும் ஸ்டென்ட்டும்தான். பிறவி இதயக் குறையோடு வளர்ந்த பெரியவர்களைப் பார்ப்பது தனிப் பயிற்சி. பெரிய இதய மருத்துவமனைகள் சிலவற்றில் இதற்கென்றே கிளினிக் நடக்கிறது. "பெரியவர்கள் டாக்டர்" என்று பொதுவாகச் சொன்னதோடு உங்கள் டாக்டரை விட்டுவிடாதீர்கள். பெயரைக் கேளுங்கள், அவருக்கு ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். புதியவரை ஒருமுறை பார்த்து முடிக்கும்வரை பழையவரை விடவும் வேண்டாம்.

அப்புறம் அந்த ஃபைல். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் குறிப்பு வேண்டும். வால்வு வெட்டப்பட்டதா, எந்த இடத்தில் ஒட்டுப் போட்டார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பழைய ஆவணங்களை மருத்துவமனைகள் காலாகாலத்துக்கும் வைத்திருப்பதில்லை, இப்போதே எழுதிக் கேளுங்கள். இன்னொன்று: ஈசிஜி தாளை அக்கறையாக லேமினேட் செய்து கொண்டுவருகிறார்கள். அது சூடு பட்டால் கறுக்கும் தாள், மெஷினில் போட்டால் மொத்தமும் கறுத்துவிடும். ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள், மகளின் போனிலும் படமாக இருக்கட்டும்.

இனி சொல்வது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கலாம். அடுத்த முறை டாக்டர் கேட்கும்போது நீங்கள் பதில் சொல்லாதீர்கள். என்ன ஆபரேஷன், எந்த மாத்திரை, எதற்கு என்று அவள் சொல்லட்டும். தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை. பத்து நிமிடம் அவள் டாக்டரோடு தனியாகவும் பேசட்டும். மாதவிடாய், கருத்தடை என்று அம்மா எதிரில் கேட்க முடியாத கேள்விகள் அவளுக்கும் இருக்கும். இதையெல்லாம் 12, 13 வயதிலேயே பழக்கியிருந்தால் நல்லது. இப்போது தொடங்கினாலும் தாமதமில்லை.

கல்யாணத்துக்கு இது தடையில்லை. நெஞ்சுத் தழும்பை மறைத்து வரன் பார்க்கும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் செக்கப்புக்கு எப்படிப் போவாள்? நல்லபடியாகச் சரிசெய்யப்பட்ட ஃபேலட் உள்ள பெரும்பாலான பெண்கள் சிக்கலில்லாமல் பிள்ளை பெறுகிறார்கள். கருத்தரிப்பதற்கு முன்பே இதயத்தைப் பரிசோதித்து, சாப்பிடும் மாத்திரைகளையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஃபேலட் உள்ள சிலருக்கு 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருக்கும். அப்படியிருந்தால் அந்தக் குரோமோசோம் குறை குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. அந்தப் பரிசோதனை செய்திருக்கிறதா என்று ஃபைலில் பாருங்கள். இல்லாவிட்டாலும் கர்ப்பத்தின் ஐந்தாம் மாத வாக்கில் குழந்தையின் இதயத்துக்குத் தனி எக்கோ எடுத்துவிடலாம்.

விடுதிக்குப் போகும்முன் அறைத் தோழி ஒருத்திக்காவது விஷயத்தைச் சொல்லி வைக்கட்டும். திடீர் மயக்கம், அடங்காத படபடப்பு, மாடி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்குவது, இந்த மூன்றில் எது வந்தாலும் "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருக்கக் கூடாது. பல் பிடுங்கப் போனால் இதய ஆபரேஷன் ஆனதை முதலிலேயே சொல்ல வேண்டும். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவையா என்பதை இதய டாக்டரிடம் கேட்டு ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.