ஒரு டன் சுமையைத் தூக்கும் பவர் ஸ்க்ரூவுக்கு (சுற்றினால் சுமையை ஏற்றி இறக்கும் மரைத்தண்டு) எவ்வளவு டார்க், அதாவது சுற்றும் திருப்புவிசை, வேண்டும்? கணக்கில் 8 நியூட்டன் மீட்டர் வந்தும் மோட்டார் ஏன் அசைய மறுக்கிறது?

கேள்வியில் நீங்கள் கொடுத்த விவரம் இது: வெளிவிட்டம் 24 மி.மீ., பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு மரைப் பற்களுக்கு நடுவில் உள்ள தூரம்) 5 மி.மீ., ஒற்றைப் புரி (தண்டைச் சுற்றி ஒரே ஒரு மரை வரி), டிராப்பிசாய்டல் மரை (பற்களின் பக்கங்கள் சாய்ந்தது). எஃகு ஸ்க்ரூ, வெண்கல நட். ஸ்க்ரூவை அடியிலிருந்து மோட்டார் சுற்றுகிறது, நட்டோடு சேர்ந்து மேடை ஏறுகிறது. சுமை ஏறத்தாழ 10,000 நியூட்டன். ஸ்க்ரூவின் அடித்தோள் ஒரு வெண்கல வாஷர் மேல் உட்கார்ந்து சுற்றுகிறது. இதற்கு 8 நியூட்டன் மீட்டர் என்று கணக்குப் போட்டு மோட்டார் வாங்கியிருக்கிறீர்கள், அது முனகுகிறதே தவிர சுற்றவில்லை.

அந்த 8 எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். ஒரு சுற்றுக்குச் சுமை 5 மி.மீ. ஏறுகிறது. 10,000 நியூட்டனை 0.005 மீட்டரால் பெருக்கி, 2π ஆல், அதாவது 6.283 ஆல் வகுத்தால் 7.96. ஆற்றல் கணக்குப்படி இதில் தவறே இல்லை. ஆனால் இது உராய்வே இல்லாத ஸ்க்ரூவின் டார்க். உங்களுடைய ஸ்க்ரூவில் சுமையைத் தூக்குவது சின்ன வேலை, உராய்வோடு மல்லுக்கட்டுவதுதான் பெரிய வேலை.

சரி, உராய்வைச் சேர்ப்போம். முக்கோணமாக வெட்டிய காகிதத்தைப் பென்சிலில் சுற்றினால் அதன் சாய்ந்த ஓரம் அப்படியே மரை போல ஏறும். மரை என்பது சுருட்டி வைத்த சாய்தளம்தான். சராசரி விட்டம் என்பது வெளிவிட்டத்தில் பாதி பிட்சைக் கழித்தது, உங்களுக்கு 24 − 2.5 = 21.5 மி.மீ. அந்த விட்டத்தில் ஒரு சுற்றின் நீளம் 67.5 மி.மீ. அவ்வளவு தூரம் போனால் 5 மி.மீ. ஏறுகிறோம் என்றால் சரிவு 5 ÷ 67.5, அதாவது 0.074. கோணமாகச் சொன்னால் 4 டிகிரிக்குக் கொஞ்சம் மேல்.

சாய்தளத்தில் ஒரு சுமையைக் கிடைமட்டமாகத் தள்ளி ஏற்ற என்ன விசை வேண்டும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. சரிவையும் உராய்வுக் குணகத்தையும் கூட்டுங்கள். அதை, ஒன்றிலிருந்து அவற்றின் பெருக்கலைக் கழித்தால் வருவதால் வகுங்கள். சுமையால் பெருக்குங்கள். வரும் விசையைச் சராசரி ஆரத்தால் பெருக்கினால் டார்க் கிடைத்துவிடும்.

எண்ணெய் போட்ட எஃகு, வெண்கல ஜோடிக்கு உராய்வுக் குணகம் 0.15 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் மரை சதுர மரை இல்லை, பக்கங்கள் 15 டிகிரி சாய்ந்தவை. அதனால் மரை ஆப்பு போல இறுகும், உராய்வு கொஞ்சம் கூடும். 0.15 ஐ 15 டிகிரியின் கொசைன் (cos) மதிப்பான 0.966 ஆல் வகுத்தால் 0.155. இப்போது 0.074 + 0.155 = 0.229. கீழே 1 − 0.0115 = 0.9885. வகுத்தால் 0.232. பத்தாயிரத்தால் பெருக்கினால் 2,320 நியூட்டன், அதை 0.01075 மீட்டரால் பெருக்கினால் 24.9 நியூட்டன் மீட்டர்.

ஆக, மரைக்கு மட்டுமே நீங்கள் போட்டதைப் போல மூன்று மடங்கு.

இந்த 15 டிகிரித் திருத்தத்துக்குப் பாடப்புத்தகங்கள் தனிப் பகுதியே ஒதுக்கும். அதை விட்டுவிட்டுச் சதுர மரை என்றே போட்டாலும் 24.4 தான் வரும், அரை நியூட்டன் மீட்டர்தான் வித்தியாசம். ஆனால் உராய்வுக் குணகம் 0.15 இல்லாமல் 0.10 என்றால் 19 ஆகிவிடும், 0.20 என்றால் கிட்டத்தட்ட 31. கிரீஸ் காய்ந்ததா, தூசி படிந்ததா, நட் புதிதா என்பதைப் பொறுத்து ஒரே ஸ்க்ரூ இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் ஊசலாடும். அதனால் விடையை மூன்று தசம இடத்துக்குத் துல்லியமாகச் சொல்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அப்புறம், எல்லாரும் விட்டுவிடும் இடம்: காலர். உங்கள் ஸ்க்ரூவின் தோள் உட்கார்ந்திருக்கிற அந்த வாஷர். மேலே இருக்கிற மொத்தச் சுமையும் நட் வழியாக ஸ்க்ரூவுக்கு வந்து, அந்த வாஷர் மேல்தான் இறங்குகிறது. வாஷரைக் கழற்றி எடுத்துப் பாருங்கள், தோள் தேய்த்த இடம் வட்டமாகப் பளபளவென்று தெரியும். அந்த வட்டத்தின் உள்விட்டம் 30, வெளிவிட்டம் 50 என்று எழுதியிருக்கிறீர்கள். சராசரி ஆரம் 20 மி.மீ. அங்கும் குணகம் 0.15 என்றால் 10,000 × 0.15 × 0.02 = 30 நியூட்டன் மீட்டர்.

ஆமாம், மரைக்கு ஆவதைவிட அதிகம். மரையில் உராய்வு 10.75 மி.மீ. ஆரத்தில் நடக்கிறது, காலரில் 20 மி.மீ. ஆரத்தில் நடக்கிறது. அவ்வளவுதான் காரணம்.

மொத்தம் 55 நியூட்டன் மீட்டர். இதில் சுமையை ஏற்றப் போவது 8. பயனுறுதிறன் (கொடுக்கும் வேலையில் பயனாகும் பங்கு) 14.5 சதவீதம். நிமிடத்துக்கு 60 சுற்று வேண்டும் என்றால் சுமை நொடிக்கு 5 மி.மீ. ஏறும். அதற்கான பயனுள்ள திறன் வெறும் 50 வாட், நீங்கள் கொடுக்க வேண்டியதோ 345 வாட். மீதி எல்லாம் சூடாகப் போகிறது. இது ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ள கணக்கு. நின்ற நிலையிலிருந்து கிளப்பும்போது உராய்வு மூன்றில் ஒரு பங்குவரை கூடலாம் என்பதால், இப்படியே விடுவதாக இருந்தால் கியர் பெட்டியின் வெளித்தண்டில் 75 கிடைக்கிற மாதிரி பார்த்து எடுங்கள்.

ஆனால் இப்படியே விடாதீர்கள். பெரிய மோட்டார் வாங்குவதற்கு முன் வாஷரை எடுத்துவிட்டு ஒரு திரஸ்ட் பால் பேரிங் (தண்டின் நீளவாக்கில் இறங்கும் சுமையை உருளும் குண்டுகளில் தாங்குவது) போடுங்கள். 30 ஆக இருந்த காலர் டார்க், அரை நியூட்டன் மீட்டருக்கும் கீழே போய்விடும். மொத்தம் 25 தான், திறன் 160 வாட்டுக்குள் அடங்கும், கிளப்புவதற்கு 35 இருந்தால் போதும். இந்த ஏற்பாட்டில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் லாபம் வேறு எதுவும் இல்லை.

இரட்டைப் புரி (இணையாக ஓடும் இரண்டு மரை வரிகள்) போட்டால் வேகம் கூடுமே என்று கேட்டிருந்தீர்கள். கூடும். லீட், அதாவது ஒரு சுற்றுக்கு ஏறும் தூரம், 10 மி.மீ. ஆகும்போது மரை டார்க் 25 லிருந்து 33 தான் ஆகிறது. இரட்டிப்பாகாது, ஏனென்றால் சரிவுதான் இரட்டிப்பாகிறது, உராய்வு அப்படியே இருக்கிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். சிக்கல் இறக்கும்போது வரும்.

இறக்கும் கணக்கில் உராய்விலிருந்து சரிவைக் கழிக்க வேண்டும், கீழே கழித்தலுக்குப் பதில் கூட்டல். ஒற்றைப் புரிக்கு 0.155 − 0.074 = 0.081, அதை 1.0115 ஆல் வகுத்தால் 0.080. டார்க் 8.6 நியூட்டன் மீட்டர். அதாவது இறக்குவதற்கும் மோட்டார் சுற்ற வேண்டும், மின்சாரம் போனால் சுமை நின்ற இடத்திலேயே நிற்கும். இதே இரட்டைப் புரியில் 0.8 கூட வராது. கொஞ்சம் அதிர்வு இருந்தால் சுமை தானாகவே ஸ்க்ரூவைச் சுற்றிக்கொண்டு கீழே வந்துவிடும். தானாகப் பிடித்து நிற்கும் மரையின் பயனுறுதிறன் ஒருபோதும் 50 சதவீதத்தை எட்டாது என்பதும் இதே சமன்பாட்டிலிருந்து வருவதுதான். பால் ஸ்க்ரூ (மரைக்கும் நட்டுக்கும் நடுவில் குண்டுகள் உருளும் ஸ்க்ரூ) போட்டால் 90 சதவீதம்வரை கிடைக்கும், உங்கள் சுமைக்கு 9 நியூட்டன் மீட்டரே போதும், ஆனால் அது எதையும் பிடித்து வைக்காது.

பேரிங் போடச் சொன்னேன் இல்லையா, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. வாஷர் இருந்தவரை அந்த 30 நியூட்டன் மீட்டர் இறங்கும்போது பிரேக்காகவும் வேலை செய்தது. அதை எடுத்துவிட்டால் சுமையைப் பிடித்திருப்பது மரை மட்டும்தான். நன்றாகக் கிரீஸ் பூசி, அதிர்வும் சேர்ந்து குணகம் 0.07 க்கு இறங்கினால், திருத்தத்துக்குப் பிறகும் 0.0725 தான். சரிவு 0.074. இறங்க ஆரம்பித்துவிடும். மேடைக்குக் கீழே ஆள் போகும் வாய்ப்பு இருந்தால் பிரேக் வைத்த மோட்டார்தான் எடுக்க வேண்டும், மரை பிடித்துக்கொள்ளும் என்று விட முடியாது.

ஸ்க்ரூவின் பலத்தில் பெரிய கவலை இல்லை. மரையின் அடிவிட்டம் 18.5 மி.மீ., அழுத்தத் தகைவு 37 மெகாபாஸ்கல், முறுக்கால் வரும் வெட்டுத் தகைவு 20. சாதாரண எஃகே தாங்கும். நீளம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை. உயரமான மேடை என்றால் ஸ்க்ரூ வளைந்து நொடிக்குமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். தேயப் போவது வெண்கல நட்தான். அதற்குக் கீழே சுமை ஏறாத இன்னொரு நட்டைச் சின்ன இடைவெளி விட்டு, தானாகச் சுற்றாதபடி மட்டும் மேடையோடு பிணைத்து, மேல்கீழாக நகர விட்டு வையுங்கள். முதல் நட் தேயத் தேய அந்த இடைவெளி குறையும். ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அவ்வப்போது அளந்தால், மரை அறுவதற்கு முன்பே நட்டை மாற்றிவிடலாம்.