அரை ஏக்கரில் தொடங்கலாம்: வாசகர் கேள்வி – பதில்

சூழலியல் வேளாண்மை குறித்து வந்த கடிதங்களில் நான்கை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்தை எழுதியவரின் நிலையில்தான் நம் மாநிலத்துச் சிறு விவசாயிகள் பலரும் இருக்கிறார்கள் என்பதால் அதற்கு அதிக இடம் ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: ஐயா, உத்திரமேரூர் அருகே ஏரிப் பாசனத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் உள்ளது. சம்பா, நவரை என இரண்டு போகமும் நெல்தான். சென்னையில் வேலை பார்க்கும் என் மகன், உரம், மருந்து எல்லாவற்றையும் அடுத்த போகத்திலேயே நிறுத்திவிடச் சொல்கிறான். பக்கத்து நிலத்துக்காரர் அப்படி நிறுத்தியதில் முதல் வருடமே பாதி மகசூல் போய்விட்டது. அவர் பழையபடி யூரியாவுக்குத் திரும்பிவிட்டார். நான் என்ன செய்யட்டும்?
(ஒரு விவசாயி, காஞ்சிபுரம் மாவட்டம்)

பதில்: உங்கள் மகனின் எண்ணம் நல்லதுதான், ஆனால் ஒரே போகத்தில் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டாம். பல ஆண்டுகளாக மூட்டை உரத்தை மட்டுமே நம்பிப் பயிர் செய்த மண்ணில் மட்குப் பொருள் குறைந்துவிடும். அதைச் சிதைத்துப் பயிருக்கு ஊட்டமாக்கித் தரும் நுண்ணுயிர்களும் குறைந்திருக்கும். அந்த நிலையில் உரத்தை நிறுத்திவிட்டு ஈடாக எதையும் இடாவிட்டால் பயிர் பட்டினிதான் கிடக்கும். பக்கத்து நிலத்தில் நடந்ததும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

ஒன்றரை ஏக்கரில் அரை ஏக்கரை மட்டும் இதற்கெனப் பிரித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வயல்களில் தெளித்த மருந்து வடிந்து வந்து சேரும் பள்ளப் பகுதியைத் தவிர்த்து, தண்ணீர் முதலில் பாயும் மேட்டுப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நீங்கள் சொர்ணவாரி எனும் கோடைக்கால நெல் போகம் போடுவதில்லை என்பதால், நவரை அறுவடைக்கும் சம்பா நடவுக்கும் இடையே நிலம் சும்மா கிடக்கிறது. அந்த இடைவெளிதான் உங்கள் முதலீடு. ஆனிக் கடைசியில் மழை ஈரம் கிடைத்ததும் அரை ஏக்கருக்குப் பத்து கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். இது மண்ணிலேயே மடக்கி உழுது உரமாக்கும் பசுந்தாள் பயிர். சுமார் 45 நாளில், பூவெடுக்கும் பருவத்தில், செடி முற்றி நாராவதற்கு முன்பு மடக்கி உழுதுவிட வேண்டும். நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்கு எட்டு முதல் பத்து டன் வரை பசுந்தழை கொடுக்கும். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) வேர் முடிச்சுகளில் சேர்த்தும் வைக்கும். உழுவதற்கு முன் ஒரு செடியை மண்ணோடு மெதுவாகப் பெயர்த்தெடுத்து, வேரில் இருக்கும் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது என்று பொருள். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் தழைச்சத்து சேரவில்லை. அடுத்த முறை விதைக்கும்போது, வேர் முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் நுண்ணுயிரைக் கலந்து விதையுங்கள். உழுதபின் ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் கட்டி அழுகவிட்டு, பிறகு நடவுக்குச் செல்லலாம்.

நடவைத் திருந்திய நெல் சாகுபடி முறையில் செய்யுங்கள். பாய் நாற்றங்காலில் வளர்த்த 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில், கயிறு பிடித்துச் சதுரமாக நட வேண்டும். ஏக்கருக்கு மூன்று கிலோ விதையே போதும் என்பதால் விதைச் செலவு பெருமளவு குறையும். வயலை மாறி மாறிக் காயவும் பாயவும் விட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவியை குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினால், களை மண்ணிலேயே அமுங்கி மட்குவதோடு வேருக்குக் காற்றோட்டமும் கிடைக்கும். முதல் களையெடுப்பைத் தள்ளிப்போட்டுவிட்டால் களை கைமீறிவிடும். இம்முறையில் தோற்றவர்கள் பலர் தோற்றது அந்த இடத்தில்தான்.

பூச்சியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாரம் ஒருநாள் காலையில் வயலுக்குள் இறங்கி, தூரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைப் பாருங்கள். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி அங்கேதான் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும்; அதைப் பிடித்துத் தின்னும் சிலந்திகளும் அங்கேயே இருக்கும். சிலந்திகள் நிறைய இருக்கும் வயலில் அவசரப்பட்டு மருந்தடித்தால் முதலில் சாவது சிலந்திதான். அதன்பின் புகையான் பன்மடங்காகப் பெருகும். தழைச்சத்து அதிகமானாலும் நெருக்கி நட்டாலும் புகையானுக்குக் கொண்டாட்டம்தான். வரப்பில் தட்டைப்பயறோ உளுந்தோ விதைத்தால் பூச்சிகளைத் தின்னும் பொறிவண்டுகள் வந்து தங்கும். புழுத் தாக்குதல் தெரிந்தால் ஐந்து சத வேப்பங்கொட்டைச் சாற்றை மாலையில் தெளியுங்கள்.

மீதி ஒரு ஏக்கரில் உரத்தை நிறுத்தாமல், அளவைக் குறையுங்கள். இலை வண்ண அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, நட்ட 14ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை இலையின் நிறத்தோடு ஒப்பிட்டு, தேவை தெரியும்போது மட்டும் யூரியா இடலாம். இரண்டு துண்டுக்கும் தனித்தனிக் கணக்கு எழுதுங்கள். அரை ஏக்கரில் முதல் போகத்தில் சில மூட்டைகள் குறையலாம். ஆனால் செலவைக் கழித்துக் கையில் நின்ற பணத்தைப் பார்த்த பிறகே அடுத்த அரை ஏக்கருக்குப் போக வேண்டும். தூயமல்லி, கிச்சிலி சம்பா போன்ற பாரம்பரிய ரகங்களின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனாலும் வாங்குபவர் உறுதியான பிறகே அவற்றுக்கு மாறுங்கள். அவற்றின் மகசூல் குறைவு. கொள்முதல் நிலையத்தில் அதற்கென்று தனி விலை கிடைக்காது.

கேள்வி: இயற்கை விவசாயத்துக்கு மாறித்தான் இலங்கை பஞ்சத்தில் விழுந்தது என்கிறார்களே?
(வாசகர், பெரம்பூர்)

பதில்: இலங்கையில் 2021ஆம் ஆண்டின் முற்பகுதியில் இரசாயன உரம், பூச்சிமருந்து ஆகியவற்றின் இறக்குமதி நாடு முழுவதும் ஒரே உத்தரவில் தடை செய்யப்பட்டது. மாற்று உரமோ, பயிற்சியோ, மண்ணுக்கு அவகாசமோ கொடுக்கப்படவில்லை. நெல்லும் தேயிலையும் அடிவாங்கின. அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடி வேறு சேர்ந்துகொண்டதால் நாட்டின் துன்பம் முழுவதையும் இந்த ஒரு காரணத்தில் ஏற்றிவிட முடியாது. என்றாலும், மேலே காஞ்சிபுரத்துப் பெரியவரிடம் எதைச் செய்ய வேண்டாம் என்று சொன்னேனோ, அதை ஒரு நாடே செய்தது என்பது உண்மை. இந்தோனேசியாவும் 1986இல் நெற்பயிருக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. ஆனால் அவை புகையானைக் குறைக்காமல் பெருக்குகின்றன என்பது ஆய்வில் தெளிவான பிறகே தடை வந்தது. தொடர்ந்து, விவசாயிகளுக்கு வயலிலேயே பூச்சியை இனங்காணக் கற்றுக்கொடுக்கும் வயல்வெளிப் பள்ளிகளும் நடத்தப்பட்டன. அங்கே நெல் உற்பத்தி சரியவில்லை. ஆந்திராவில் 2016 முதல் நடக்கும் இயற்கை வேளாண் திட்டமும், அனுபவமுள்ள விவசாயிகளையே பயிற்றுநர்களாக்கி ஊர் ஊராகப் படிப்படியாகத்தான் விரிந்திருக்கிறது.

கேள்வி: வீட்டில் மாடு இல்லை. புட்டியில் விற்கும் பஞ்சகவ்யத்தை மட்டும் வாங்கித் தெளித்தால் போதுமா?
(வாசகி, திருவள்ளூர்)

பதில்: போதாது, அம்மா. பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் போன்ற, சாணமும் கோமியமும் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசல்களை உரத்தின் கணக்கில் வைக்கக் கூடாது. அவற்றிலுள்ள ஊட்டம் சொற்பமே. தழையும் தொழுவுரமும் மண்ணில் இருந்தால்தான் அவற்றுக்கு வேலை. ஜீவாமிர்தம் ஏக்கருக்கு 200 லிட்டர் தயாரிக்கப் பத்து கிலோ சாணம் போதும். அக்கம்பக்கத்தில் மாடு வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். புட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பசுந்தாள் விதை வாங்குங்கள்.

கேள்வி: 'இயற்கை அரிசி' என்று கடையில் இரட்டிப்பு விலை சொல்கிறார்கள். எதை வைத்து நம்புவது?
(வாசகி, வளசரவாக்கம்)

பதில்: பொட்டலத்தில் அடைத்து இயற்கை விளைபொருள் என்று விற்க வேண்டுமானால், 2017ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி அதற்குச் சான்று இருக்க வேண்டும். பொட்டலத்தில் அரசின் இயற்கை விளைபொருள் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சான்றில் இரு வழிகள் உண்டு. ஒன்று, தனி அமைப்பு வந்து ஆய்வு செய்து தருவது. மற்றொன்று பங்கேற்பு உத்தரவாத முறை. இதில் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் பார்வையிட்டு உறுதி சொல்வார்கள். செலவு மிகக் குறைவு என்பதால் சிறு விவசாயிக்கு ஏற்றது இதுதான். தன் விளைச்சலை நேரடியாக உங்களுக்கு விற்கும் சிறு விவசாயிக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. அவரிடம் எந்த ஊர், எந்தப் போகம், முன்பயிர் என்ன, அடியுரமாக என்ன போட்டார் என்று கேளுங்கள். விவசாயம் செய்தவர் தயங்காமல் பதில் சொல்வார். சென்னையிலிருந்து உத்திரமேரூரோ மதுராந்தகமோ ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம்தான். அறுவடைக்கு முன் ஒருமுறை போய் வயலைப் பார்த்து வாருங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. முழுச் சான்று பெறும் வரையான இரண்டு, மூன்று ஆண்டுகளில்தான் விவசாயிக்கு மகசூல் குறைகிறது. அந்தக் காலத்தில்தான் நல்ல விலையும் கிடைப்பதில்லை. மாறிக்கொண்டிருக்கும் விவசாயியின் நெல்லையும் வாங்குங்கள். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து விதைப்புக்கு முன்பே விலை பேசி, ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்தால் அவர் வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. பட்டை தீட்டாத அரிசி, அதன் தவிட்டில் எண்ணெய் இருப்பதால், சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும், வண்டும் பிடிக்கும். எனவே அரிசியாக மொத்தமாக வாங்காமல், நெல்லாக அவரிடமே வைத்திருக்கச் சொல்லி, மாதத் தேவைக்கு மட்டும் அரைத்து அனுப்பச் சொல்லுங்கள். இருப்பு வைப்பதற்கும் அரவைக்கும் ஆகும் கூலியைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.