கிரைண்டிங் செய்த செராமிக் ஏன் சீக்கிரம் உடைகிறது?

அன்புள்ள ஐயா,

அலுமினா (அலுமினியம் ஆக்சைடு செராமிக்) கம்பி ஒன்றை வைரச் சக்கரத்தில் கிரைண்டிங் செய்து அளவுக்குக் கொண்டுவந்தோம். மேற்பரப்பு வழவழப்பாகத்தான் இருந்தது. ஆனால் வளைத்துச் சோதித்தால், எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த சுமையிலேயே உடைகிறது. வைரம் அவ்வளவு கடினம் என்றால், சுத்தமாகச் சீவியிருக்க வேண்டாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எஃகு என்றால் நெகிழ்ந்து சுருளாகச் சீவி வரும். செராமிக் பெரும்பாலும் நொறுங்கித்தான் கழிகிறது.

சக்கரத்தில் பதித்திருக்கும் ஒரே ஒரு வைரத்துகளைப் பாருங்கள். அது அழுத்திக்கொண்டு போகும்போது முனைக்கு நேர் கீழே கொஞ்சம் பொருள் நசுங்கி நிரந்தரமாக உருமாறுகிறது. அதன் அடியிலிருந்து ஒரு விரிசல் செங்குத்தாக உள்ளே இறங்கும். துகள் கடந்துபோனதும், நசுங்கிய பகுதியில் மிஞ்சிய தகைவால் (பொருளுக்குள் நிற்கும் விசையழுத்தம்) பக்கவாட்டில் இன்னொரு விரிசல் கிளம்பி, மேல்நோக்கி வளைந்து, மேற்பரப்பைத் தொட்டதும் சில்லு பெயர்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சில்லைப் பெயர்க்கும் விரிசல் முக்கியமாக அழுத்தம் விலகும்போதுதான் வளர்கிறது. பக்க விரிசல் சில்லோடு போய்விடும். செங்குத்து விரிசல் உங்கள் கம்பிக்குள்ளேயே தங்கிவிடும். வழவழப்பை அளக்கும் கருவி அதைக் காட்டாது.

எந்தத் திசையில் கிரைண்டிங் செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என் சந்தேகமே அங்கேதான். இந்த விரிசல்கள் கீறலின் போக்கிலேயே ஓடும். கம்பியைச் சுற்றிக் கீறியிருந்தால், வளைக்கும்போது வரும் இழுவிசை அவற்றை நேராகப் பிளக்கும். நீளவாக்கில் கீறியிருந்தால் பாதிப்பு குறைவு. (சிர்கோனியா என்ற இன்னொரு செராமிக் தனி ரகம். கிரைண்டிங்கில் அதன் மேற்பரப்புப் படிகங்கள் உருமாறிப் பருத்து, அமுக்கத் தகைவைத் தரும். அளவோடு செய்தால் வலிமை கூடுவதும் உண்டு.)

விரிசலே இல்லாமல் எடுக்க முடியுமா? முடியும், துகள் மிக மெல்லிசாகக் கடித்தால். அந்த வரம்பைக் கணிக்க 1991-இல் பிஃபானோ, டவ், ஸ்கேட்டர்குட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு சூத்திரம் தந்தார்கள். அலுமினாவின் வழக்கமான மதிப்புகளைப் போட்டால் சுமார் 0.2 மைக்ரான்தான் வருகிறது. இது மெஷினில் நீங்கள் வைக்கும் வெட்டாழம் அல்ல, ஒவ்வொரு துகளும் கடிக்கும் தடிமன். சக்கர வேகத்தைக் கூட்டினாலோ, கம்பியைத் தாங்கி நகரும் மேசையின் வேகத்தைக் குறைத்தாலோ அது குறையும். துகள் மழுங்கிவிட்டால் மட்டும் கணக்கு மாறும்: வெட்டாமல் தேய்க்கும், விசையும் சூடும் ஏறும்.

சரி, இப்போதைக்கு என்ன செய்யலாம்? முரட்டுச் சக்கரத்துக்குப் பிறகு நுண்சக்கரம் போடும்போது, பழைய கீறல் மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். விரிசல் கீறலைவிட ஆழமாக இறங்கியிருக்கும். அந்த ஆழம் வரை நுண்சக்கரத்தாலேயே எடுக்க வேண்டும்.