நிறுத்திய கம்பெனியே திரும்பக் கூப்பிடுகிறது, போகலாமா?

கேள்வி: ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் 9 வருடம் 2 மாதம் சிஎன்சி ஆபரேட்டராக இருந்தேன். ஆர்டர் இல்லை என்று ஏழு மாதம் முன்பு பலரை நிறுத்தினார்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை) இன்னும் வரவில்லை. இப்போது பழைய சூப்பர்வைசர், “திரும்ப வா, ரெண்டாயிரம் கூடத் தர்றோம்” என்கிறார். ஒரு ஏஜென்ட் மூலமாகத்தான் சேர வேண்டுமாம். அவர் 15,000 ரூபாய் டெபாசிட் கேட்கிறார். வயது 41. போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் போவது பழைய கம்பெனிக்குத்தானா என்று முதலில் பாருங்கள். அதே கேட், அதே மெஷின், அதே சூப்பர்வைசர். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் தலைப்பில் மட்டும் ஏஜென்ட் பேர் இருக்கும். அப்படியென்றால் நீங்கள் கான்ட்ராக்ட் ரோலில் ஒரு புது ஆள். அடுத்த முறை ஆர்டர் குறைந்தால் உங்களிடம் யாரும் பேசக்கூட மாட்டார்கள், ஏஜென்ட்டுக்கு ஒரு போன் போட்டால் வேலை முடிந்தது.

டெபாசிட் என்று சல்லிக்காசு கொடுக்காதீர்கள். ஆள் பிடித்துத் தருவதற்குக் கம்பெனியிடம் கமிஷன் வாங்குகிறவர், உங்களிடமும் கறக்கப் பார்க்கிறார். யூனிஃபார்முக்கு, ஐடி கார்டுக்கு, ‘மேலிடத்துக்கு’ என்று ஏதாவது சொல்வார். ரசீது கேளுங்கள், பேச்சு மாறிவிடும். ஐடிஐ சான்றிதழின் ஒரிஜினலையும் கொடுக்காதீர்கள். அதை வைத்துக்கொண்டு ஆட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏஜென்ட்டைத் தாண்டிப் போகவும் வழி உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, ஆட்குறைப்பு செய்து ஓராண்டுக்குள் மறுபடி ஆள் எடுத்தால், வெளியே அனுப்பப்பட்டவர்களுக்குத்தான் முன்னுரிமை. உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. ‘வேலைக்கு வரத் தயார்’ என்று ஹெச்ஆருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அன்று ராஜினாமா என்று எழுதி வாங்கியிருந்தால் சிக்கல்தான். அதற்காகத்தான் அப்படி எழுதி வாங்குகிறார்கள்.

கிராஜுவிட்டியை இதோடு முடிச்சுப் போட விடாதீர்கள். “இங்கேதானே வரப்போறீங்க, அப்புறம் சேர்த்து வாங்கிக்கலாம்” என்பார்கள். பிறகு ஏழு மாத இடைவெளியைக் காட்டிப் பழைய சர்வீஸைக் கழற்றிவிடுவார்கள். கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆலும் பிறகு 9ஆலும் பெருக்குங்கள். 18,200 என்றால் 94,500 ரூபாய். ஆட்குறைப்பு இழப்பீடு, வருடத்துக்கு 15 நாள் சம்பளம், இது போகத் தனி. கிராஜுவிட்டியை 30 நாளில் கொடுத்திருக்க வேண்டும். தொழிலாளர் துறையில் மனு கொடுங்கள். கம்பெனித் தரப்பு வராவிட்டால் அடுத்த மாதம், அதிகாரி மீட்டிங்குக்குப் போனால் அதற்கடுத்த மாதம் என்று இழுப்பார்கள். 30 நாள் என்று எழுதியவரை அந்த வராந்தா பெஞ்சில் ஒரு வாரம் உட்கார வைக்க வேண்டும். இருந்தாலும் கொடுங்கள், மனு போன பிறகு செக் போட்ட கம்பெனிகள் உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் குழம்ப வேண்டாம். கம்பெனியே நேரடியாக ஒரு வருட ஒப்பந்தம் தரலாம். அதையும் கான்ட்ராக்ட் என்றுதான் சொல்வார்கள், ஆனால் அது வேறு. அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளமும் சலுகைகளும் அதற்கு உண்டு. கிராஜுவிட்டிக்கு ஐந்து வருடம் காத்திருக்க வேண்டாம், ஒரு வருடம் போதும். அது வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் லெட்டர்ஹெட் கம்பெனியுடையதாக இருக்க வேண்டும். தொடங்கும் தேதி, முடியும் தேதி இரண்டும் இருக்க வேண்டும். பிஎஃப் கட்டுவதும் கம்பெனி பேரிலேயே இருக்க வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், எங்காவது ஏஜென்ட் பேர் வந்தால் அது இந்த ஒப்பந்தம் இல்லை.

பிஎஃப் பென்ஷன் பணத்தை எடுத்தீர்களா என்று எழுதவில்லை. எடுக்காவிட்டால் தொடாதீர்கள். மாதப் பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும், உங்களுக்குக் குறைவது ஒரு வருடம்கூட இல்லை. எங்கே சேர்ந்தாலும் பழைய யுஏஎன் எண்ணையே, அதாவது உங்கள் பிஎஃப்புக்கான நிரந்தர எண்ணையே கொடுங்கள். புது எண் போட்டுத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.