எங்களில் ஒருத்தி

வணக்கம் சார்,

பதினாறு வருடமாக மாசசூசெட்ஸில் இருக்கிறேன். கணவர் இந்த ஊர்க்காரர். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளியில் குடும்ப மரம் வரைந்துகொண்டு வரச் சொன்னார்கள். மாமியார் ஒரு பழைய நோட்டை எடுத்துக் கொடுத்து, "நாம் ரெபெக்கா நர்ஸின் வம்சம், 1692இல் சேலத்தில் சூனியக்காரி என்று கொன்றார்களே, அவர்தான்" என்றார். (நம்ம சேலம் இல்லை, இங்கே இருக்கிற சேலம்.) மகளுக்கு ஒரே சந்தோஷம். "நான் சூனியக்காரி பரம்பரை" என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கிறது. ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னால், "அந்தச் சொல்லெல்லாம் பிள்ளை வாயில் வர விடாதே" என்று கோபித்துக்கொண்டார்.

அந்த நோட்டை நம்பலாமா? டிஎன்ஏ சோதனை செய்தால் தெரிந்துவிடுமா? அந்த அம்மாவை எரித்துவிட்டார்கள் என்கிறார்களே, நிஜமா? இன்னொன்று. மரத்தில் கணவர் பக்கம் பன்னிரண்டு தலைமுறை இருக்கிறது. என் பக்கம் ஆச்சியின் அப்பா பெயரோடு நின்றுவிடுகிறது. "உன் பக்கம் ஏன் காலியாக இருக்கு?" என்று மகள் கேட்கிறாள். என்ன சொல்லட்டும்?

பெயர் வெளியிட வேண்டாம்.
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அம்மா சொன்னதுதான் சரி. அவர் வேறு காரணத்துக்காகச் சொல்லியிருப்பார், ஆனால் ரெபெக்கா நர்ஸ் செத்ததே அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்ல மறுத்ததற்காகத்தான். சேலத்தில் நடந்தது பலருக்குத் தலைகீழாகத்தான் தெரிந்திருக்கிறது. "ஆமாம், நான் சூனியக்காரிதான், சாத்தானோடு ஒப்பந்தம் போட்டேன்" என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர்கள் ஒருவரைக்கூடத் தூக்கில் போடவில்லை. ஒப்புக்கொண்டு அப்புறம் மறுத்த சாமுவேல் வார்ட்வெல்லைத் தூக்கிலிட்டார்கள். தூக்கு மேடைக்குப் போன 19 பேரும் இல்லை என்று சொன்னவர்கள். ஒரு பொய் சொல்லியிருந்தால் ரெபெக்காவும் பிழைத்திருக்கலாம். அதனால் "சூனியக்காரி பரம்பரை" என்று உங்கள் மகள் பெருமையாகச் சொல்லும்போது, அந்த அம்மா உயிரைக் கொடுத்து மறுத்ததை அவர் தலையிலேயே திரும்ப ஏற்றுகிறாள். பிள்ளைக்குத் தெரியாது, அவள் மேல் தப்பில்லை. ஆனால் நீங்கள் உட்கார்ந்து சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

எரிக்கவில்லை. சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. ஆங்கிலேயச் சட்டத்தில் சூனியத்துக்குத் தண்டனை தூக்குதான். 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். வழக்கை ஏற்று நிற்க மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற கிழவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். குறைந்தது ஐந்து பேர் சிறையிலேயே செத்தார்கள்.

ரெபெக்காவைப் பற்றி உங்கள் மகளிடம் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. 1692 மார்ச்சில் அவருக்கு 71 வயது, கிட்டத்தட்ட ஒரு வாரமாக உடம்பு சரியில்லை. இஸ்ரேல் போர்ட்டர், அவர் மனைவி எலிசபெத், இன்னும் இரண்டு பேர் பார்க்கப் போனார்கள், ஊரில் உங்கள் பெயர் அடிபடுகிறது என்று சொல்லத்தான் போனார்கள். அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே ரெபெக்கா, சூனியத்தால் வலிப்பு வந்து துடிப்பதாகச் சொல்லப்பட்ட ஊர்ப் பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், அவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது, பிரார்த்தனை செய்கிறேன் என்றார். அப்புறம்தான் இவர்கள் விஷயத்தைச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு, இந்த வயதான காலத்தில் கடவுள் என்மேல் இப்படி ஒரு கஷ்டத்தைப் போடுவதற்கு, நான் மனந்திரும்பாமல் விட்ட எந்தப் பாவத்தை என்னிடம் கண்டாரோ என்று கேட்டாராம். போனவர்கள் அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காகிதம் இன்றும் இருக்கிறது. நான் முதலில் படித்தபோது அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

வழக்கில் நடந்தது இன்னும் கொடுமை. ஜூன் கடைசியில் ஜூரிகள் "குற்றவாளி அல்ல" என்றுதான் முதலில் சொன்னார்கள். வலிப்பு வந்ததாகச் சொன்னவர்கள் நீதிமன்றத்துக்குள் கூச்சல் போட, தலைமை நீதிபதி ஸ்டவ்டன் ஒரு விஷயத்தை ஜூரிகளுக்கு ஞாபகப்படுத்தினார். டெலிவரன்ஸ் ஹாப்ஸ் என்ற கைதியைச் சாட்சி சொல்லக் கூட்டி வந்தபோது ரெபெக்கா "இவள் எங்களில் ஒருத்தியாயிற்றே" என்று சொல்லியிருந்தார். அதற்கு என்ன அர்த்தம்? எங்களோடு சிறையில் இருந்தவள் என்று ரெபெக்கா சொன்னார், சூனியக்காரிகளில் ஒருத்தி என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜூரிகளின் தலைவர் அவரிடமே நேராகக் கேட்டார். ரெபெக்கா பதில் சொல்லவில்லை. ஏனென்றால் காதில் விழவில்லை. எனக்குக் காது மந்தம், மனசு நிறையத் துக்கம், என்ன கேட்டார்கள் என்றே தெரியவில்லை என்று அப்புறம் எழுதிக் கொடுத்தார். அதற்குள் தீர்ப்பு மாறிவிட்டது. ஜூலை 19 அன்று இன்னும் நான்கு பெண்களோடு அவரைத் தூக்கிலிட்டார்கள். காது கேட்காத ஒரு கிழவியின் மௌனத்தை வைத்து.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

நம்பலாம், ஆனால் சரிபார்க்காமல் நம்பாதீர்கள். ரெபெக்காவுக்கு எட்டுப் பிள்ளைகள். அவர்களின் வழியில் வந்தவர்கள் இன்று எக்கச்சக்கம், ஆகவே உங்கள் மாமியார் சொல்வது நடக்கக்கூடியதுதான். தப்பு எங்கே வரும் என்றால், எல்லோரும் ரெபெக்காவிலிருந்து கீழே இறங்கப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. மகளிடமிருந்து மேலே ஏறுங்கள். அவள் பிறப்புச் சான்றிதழ், உங்கள் கணவருடையது, மாமியாருடையது, அவர் அம்மாவுடையது என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு காகிதம், பிள்ளைக்கும் பெற்றவருக்கும் உள்ள உறவை அந்தக் காகிதமே சொல்ல வேண்டும். மாசசூசெட்ஸில் 1841இலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் மாநில அளவில் பதிவாகியிருக்கின்றன. அதற்கு முந்தியவை ஊர்ப் பதிவேடுகளில் இருக்கும். அவற்றில் பல, 1850 வரைக்கும் ஊர்வாரியாக அச்சாகியிருக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1790இலேயே ஆரம்பித்துவிட்டாலும் 1850க்கு முன் வீட்டுத் தலைவர் பெயரை மட்டும்தான் எழுதினார்கள், மற்றவர்களெல்லாம் வெறும் எண்ணிக்கை. கஷ்டப்படுத்தும் இடம் அங்கேதான் வரும், 1780இலிருந்து 1850 வரை. குடும்பங்கள் நியூயார்க், ஒஹாயோ என்று மேற்கே போன காலம் அது, போன இடத்தில் பதிவேடே இருக்காது. அப்போது உயில், சொத்துப் பங்கீடு, நிலப் பத்திரம் மூன்றையும்தான் தேட வேண்டும். "என் மகள் இன்னாருக்கு, இன்னாரின் மனைவிக்கு" என்று ஓர் அப்பா உயிலில் எழுதிவிட்டுப் போயிருந்தால் அந்த ஒரு வரி பத்து இணையதள மரங்களுக்குச் சமம். இணையத்தில் இருக்கிற மரங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பி அடித்தவை, ஒருவர் செய்த தப்பு நூறு இடத்தில் இருக்கும், நூறு இடத்தில் இருப்பதால் சரி என்று ஆகிவிடாது.

சில விஷயங்கள் முதலில் எல்லோரையும் ஏமாற்றும். நர்ஸ் என்ற பெயரை நூர்ஸ் என்றும் எழுதுவார்கள், எழுத்துக் கூட்டுவதற்கு அன்றைக்கு ஒரு முறை கிடையாது. சீனியர், ஜூனியர் என்று போட்டிருந்தால் அப்பாவும் மகனும்தான் என்று நினைக்காதீர்கள், ஒரே ஊரில் ஒரே பெயரில் மூத்தவர், இளையவர் என்ற அளவுக்குத்தான் அதற்கு அர்த்தம். தேதியும் அப்படித்தான். அந்தக் காலத்தில் அங்கே புத்தாண்டு மார்ச் 25. ரெபெக்காவை விசாரித்த மார்ச் 24 அவர்கள் கணக்கில் 1691ஆம் ஆண்டின் கடைசி நாள். 1752 வரைக்கும் இந்தக் கணக்குதான். இது தெரியாமல், அம்மா செத்து ஒரு வருடம் கழித்துப் பிள்ளை பிறந்ததாக எழுதி வைத்திருக்கும் மரங்களை நானே பார்த்திருக்கிறேன்.

டிஎன்ஏவில் இது தெரியாது. பன்னிரண்டு தலைமுறைக்கு மேலே மரத்தில் 4096 இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதிதான் இறங்குகிறது என்பதால், அவ்வளவு தூரத்து முன்னோரில் பெரும்பாலானவர்களிடமிருந்து நம் உடம்பில் ஒரு துணுக்குகூட மிஞ்சியிருக்காது. பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து மட்டும் வருகிற மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒன்று உண்டு. உங்கள் மகளிடம் இருப்பது உங்களுடையது, உங்கள் அம்மாவுடையது, ஆச்சியுடையது. "உன் பக்கம் காலியாக இருக்கு" என்று அவள் சொல்லும்போது இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் தேடும்போது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ரெபெக்கா மரத்தில் வந்தால் மற்றவர்களும் வருவார்கள். சேலம் கிராமம் (இன்றைக்கு டான்வர்ஸ்) சின்ன ஊர், குற்றம் சாட்டியவர்களும் சாட்டப்பட்டவர்களும் அடுத்த நூறு வருடம் அங்கேயே இருந்து ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். ரெபெக்காவுக்கு எதிரான சாட்சிகளில் சாரா ஹோல்டன் என்ற விதவை சொன்னதைப் படித்துப் பாருங்கள். அவர்கள் வீட்டுப் பன்றிகள் நர்ஸ் வீட்டு வயலுக்குள் புகுந்துவிட்டன. ரெபெக்கா ஒரு சனிக்கிழமை காலையில் வந்து கத்திவிட்டுப் போனார். அதற்கப்புறம் சாராவின் புருஷனுக்கு உடம்புக்கு வந்து கொஞ்ச காலத்தில் செத்துப்போனார். இவ்வளவுதான் சாட்சியம். பன்றி, வேலி, ஒரு சண்டை, ஒரு சாவு. புருஷனைப் பறிகொடுத்தவள் மூன்று வருடமாக மனதில் போட்டுப் புழுங்கியதை நீதிமன்றத்தில் வந்து கொட்டியிருக்கிறாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதைச் சாட்சியம் என்று எழுதி எடுத்துக்கொண்ட நீதிமன்றத்தை மட்டும் மன்னிக்க முடியவில்லை. சாராவும் அந்த மரத்தில் எங்காவது ஒரு கிளையில் இருக்கலாம். இருந்தால் அவள் பெயரையும் எழுதச் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம்.

ஜொனாதன் புட்னம் என்று ஒருவர். ரெபெக்காவின் மேல் புகார் கொடுத்த இரண்டு பேரில் அவரும் ஒருவர். பிறகு, ரெபெக்கா நல்லவர், எங்களுக்குத் தெரியும் என்று அக்கம்பக்கத்தார் 39 பேர் கையெழுத்துப் போட்ட மனுவில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. புகாரும் மனுவும் பழைய ஆவணத் தொகுப்பில் இருக்கின்றன. ஜொனாதனுக்கு நடுவில் என்ன ஆனது என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

உங்கள் பக்கத்துக் காலி இடத்துக்கு வருகிறேன். ரெபெக்காவுக்கு இவ்வளவு காகிதம் ஏன் இருக்கிறது? குடும்பத்துக்குப் பெரிய பண்ணை இருந்தது, மகன் சாமுவேல் 1710இல் அம்மாவுக்காக மனு எழுதினார், அடுத்த வருடம் அரசு தண்டனையை ரத்து செய்து வாரிசுகளுக்கு நஷ்டஈடும் கொடுத்தது. நிலம் இருந்தவர்களுக்குக் காகிதம் இருந்தது. அதே சூனிய வழக்குகளில் முதலில் பிடிபட்ட மூவரில் ஒருவரான டிட்டூபாவைப் பாருங்கள், பாதிரியார் வீட்டு அடிமை. (ஆவணத்தில் அவரை இந்தியப் பெண் என்று எழுதியிருப்பார்கள், அது அமெரிக்கப் பூர்வகுடி என்ற அர்த்தத்தில், மகள் குழம்பிவிடப் போகிறாள்.) 1693இல் அவருடைய சிறைச் செலவைக் கட்டிய யாரோ ஒருவர் அவரை வாங்கிக்கொண்டு போனார். அதோடு அவர் பெயர் காகிதத்திலிருந்து மறைந்துவிடுகிறது. உங்கள் ஆச்சியின் அப்பாவுக்கு மேலே பெயர் இல்லையென்றால் அங்கே ஆள் இல்லை என்று அர்த்தமில்லை, எழுதி வைக்க யாரும் அவசியம் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். ஊரில் ஏதாவது துண்டு நிலத்துக்கு மூலப்பத்திரம் இருந்தால் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், "இன்னார் மகன் இன்னார்" என்று ஆரம்பிக்கும், ஒரு தலைமுறையாவது மேலே போகலாம். பெண்கள் பெயர் அதிலும் கிடைக்காது. அதை உங்கள் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும், இப்போதே, போனில் பதிவு செய்துகொண்டே கேளுங்கள்.

கடைசியாக உங்கள் மகளுக்கு ஒரு செய்தி. ஆன்டோவரைச் சேர்ந்த எலிசபெத் ஜான்சன் ஜூனியர் என்ற 22 வயதுப் பெண்ணுக்கும் மரண தண்டனை விதித்தார்கள். ஆளுநர் நிறுத்தியதால் உயிர் தப்பினார். 1711இல் பலருடைய தண்டனையை ரத்து செய்தபோது அந்தப் பட்டியலில் இவர் பெயர் விட்டுப்போனது. அவரே மனுப் போட்டும் நடக்கவில்லை. திருமணம் இல்லை, பிள்ளை இல்லை, ஆகவே எங்கள் பாட்டி என்று கேட்டு வரவும் வம்சத்தில் ஒருவரும் இல்லை. 2022இல்தான் சட்டப்படி குற்றமற்றவர் என்று ஆனார். அதற்காகக் கடிதம் எழுதி, சட்டமன்ற உறுப்பினரைப் பிடித்து, விடாமல் நின்றவர்கள் நார்த் ஆன்டோவரில் ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். உங்கள் மகள் வயதுதான். அவர்களில் யாரும் எலிசபெத்தின் வாரிசு இல்லை.

ரெபெக்காவின் வீடு டான்வர்ஸில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். பின்னால் நடந்தால் குடும்ப இடுகாடு வரும், வாரிசுகள் 1885இல் அவருக்கு எழுப்பிய நினைவுத் தூண் அங்கே நிற்கிறது. எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் செய்தேன். அதற்குக் கிட்டேயே இன்னொரு கல் இருக்கிறது, 1892இல் வைத்தது, ரெபெக்காவுக்காகக் கையெழுத்துப் போட்ட அந்த அக்கம்பக்கத்தாரின் பெயர்கள் அதில் இருக்கும். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போய், இரண்டாவது கல்லில் உள்ள பெயர்களில் எத்தனை நோட்டில் இருக்கின்றன என்று மகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள்.