கிராமத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளை மருத்துவத் துறைப் படிப்புகளுக்கு எப்படித் தயார் செய்வது?

"எங்கள் பள்ளியில் படிப்பது பெரும்பாலும் கூலி வேலை செய்பவர்களின் பிள்ளைகள், மருத்துவத் துறைக்குப் போக ஆசைப்படுகிறார்கள், நாங்கள் என்ன செய்யலாம்" என்று கேட்டிருக்கிறீர்கள். 'எங்கள் பள்ளி' என்று எழுதியிருப்பதால் நீங்கள் ஆசிரியர் என்றே எடுத்துக்கொள்கிறேன். டெல்டா என்றும் சொல்லியிருப்பதால் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து ஊர் ஒன்றை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். +2 ரிசல்ட் வந்த பிறகு நடத்துகிற வழிகாட்டி முகாம் பாதிப் பிள்ளைகளுக்கு உதவாது. பதினொன்றில் எந்த குரூப் எடுத்தார்கள் என்பதிலேயே நிறைய வாசல் மூடிவிடுகிறது. பி.எஸ்சி நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். காமர்ஸ் எடுத்த பிள்ளைக்கு மே மாதம் வந்து நர்சிங் பற்றிச் சொன்னால் அது என்ன செய்யும்? அதனால் ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பியுங்கள். அதுவும் படிப்புகளின் பட்டியலை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து இல்லை. அந்த வேலையைச் செய்கிற ஆட்களைப் பள்ளிக்குக் கூட்டிவந்து பிள்ளைகள் முன்னால் நிறுத்துங்கள்.

இதைச் சொல்ல நான் யார் என்றால், அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு காலனித் தெருவில் பிறந்தவள். அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போவார், அப்பாவும் வயல் வேலைதான். எங்கள் தெருவுக்குத் தெரிந்த மருத்துவத் துறை இரண்டே ஆட்கள்: பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், தடுப்பூசி போட வருகிற நர்ஸம்மா. இடையில் வேறு யாராவது வேலை செய்கிறார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது சம்பா அறுப்பில் அப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு அண்ணன் அப்பாவின் ரத்தத்தைக் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் வைத்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 20 நிமிடம். அப்புறம் குழாயை மெதுவாகச் சாய்த்தார், ரத்தம் உறையாமல் அப்படியே ஓடியது. "உறையலம்மா, விஷம் ரத்தத்துல ஏறியிருக்கு, மருந்து போட்டுடுவாங்க, பயப்படாதே" என்றார். டாக்டர் வந்து அவரிடம்தான் என்ன ஆச்சு என்று கேட்டார், அவர் சொன்ன பிறகுதான் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தை உறைய விடாது, அதைக் கண்டுபிடிக்க இன்றைக்கும் இந்தச் சோதனையைத்தான் செய்கிறோம். பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், சுத்தமான காய்ந்த கண்ணாடிக் குழாய் போதும், பிளாஸ்டிக் ஆகாது. கட்டுவிரியன் வேறு பாம்பு, அது கடித்தால் இந்தச் சோதனையில் ரத்தம் சரியாகவே உறையும், ஆனால் நரம்பு பாதித்து இமை தொங்க ஆரம்பித்துவிடும், அதனால் சோதனை நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. இதையெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான். இப்படி ஒரு வேலை இருக்கிறது, இதைச் செய்கிறவர் எங்களைப் போன்ற ஒரு வீட்டிலிருந்து வந்தவர். அவர் எந்த ஊர், என்ன படித்தார் என்று அம்மா கேட்டதற்கு நின்று பதில் சொன்னார். பதினொன்றில் நான் அறிவியல் குரூப் எடுத்ததற்கு அதுதான் காரணம்.

என் தங்கைக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. அவள் கதையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன், உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அவள் ஞாபகம்தான் வந்தது.

அவள் காமர்ஸ் குரூப். +2 முடித்ததும் நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை. நான் அப்போது வெளியூரில் டிப்ளமோ படித்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தேன். டவுனில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் 'நர்சிங் பயிற்சி, ஒரே வருடம், நூறு சதவீதம் வேலை' என்று போர்டு. எங்கள் தெருவுக்கே வேன் வைத்து வந்து நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்து 35,000 ரூபாய் கட்டினார். ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெள்ளை யூனிபார்ம் கொடுத்தார்கள், தொப்பி கொடுத்தார்கள், ஒரு தனியார் நர்சிங் ஹோமில் 'பயிற்சி' என்று ராத்திரி ட்யூட்டிக்கு அனுப்பினார்கள், அதற்குச் சம்பளம் கிடையாது. முடிவில் ஒரு சர்டிபிகேட், தங்க நிற எழுத்து, லேமினேஷன்.

அதை எடுத்துக்கொண்டு ஒரு நல்ல மருத்துவமனைக்கு இன்டர்வியூ போனபோது அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "கவுன்சில் ரெஜிஸ்டர் நம்பர் என்னம்மா?" அப்படி ஒன்று இருப்பதே இவளுக்குத் தெரியாது. தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு இல்லாமல் யாரும் நர்ஸ் கிடையாது, அந்தப் படிப்பைக் கவுன்சில் அங்கீகரிக்கவே இல்லை என்று அங்கே இருந்த சூப்பரிண்டெண்ட் அம்மாதான் உட்காரவைத்துச் சொன்னார். நல்ல மனுஷி. அப்புறம் இவள் வேறொரு இடத்தில் நர்ஸ் யூனிபார்ம் போட்டுக்கொண்டு ஆயா சம்பளத்துக்கு வேலை பார்த்தாள். குழுக் கடனை அம்மா நடவுக் கூலியில் அடைத்தார்.

அந்த மார்க் ஷீட்டைத் திரும்ப வாங்க அலைந்த அலைச்சலைச் சொன்னால் நீளும். கடைசிப் பாக்கியைக் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். எங்கள் ஊர்ப் பள்ளியின் பழைய ஹெச்.எம் சார் கூட வந்து பேசித்தான் கைக்கு வந்தது. அதன் பிறகு அதே ஹெச்.எம் சார்தான் அரசு மருத்துவமனையோடு இணைந்த நர்சிங் டிப்ளமோவுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். மூன்று வருடப் படிப்பு, காமர்ஸ் எடுத்தவர்களும் சேரலாம். இன்று அவள் கவுன்சிலில் பதிந்த ஸ்டாஃப் நர்ஸ். ஆனால் அந்த இடைப்பட்ட காலமும் பணமும் போனது போனதுதான்.

உடனே யாராவது கமெண்டில் வந்து, 'ஒரு வருடப் படிப்பு எல்லாமே மோசடி என்கிறாயா' என்பார்கள். இல்லை. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் ஒரு வருட லேப் டெக்னீஷியன் சர்டிபிகேட் படிப்பு இருக்கிறது, அதை வைத்து அரசு வேலைக்கே போயிருக்கிறார்கள். எத்தனை வருடம் என்பது விஷயமே இல்லை. யார் அங்கீகரிக்கிறார்கள், முடித்தால் எந்தக் கவுன்சிலில் பதிய முடியும், இந்தச் சான்றை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஏற்கிறதா, இதைத்தான் கேட்க வேண்டும். இதைக் கேட்கப் பெற்றோருக்குத் தெரியாது, ஆசிரியர் கேட்டுச் சொல்லலாம். பணம் கட்டும் முன் கேளுங்கள், ஒரிஜினலைக் கொடுக்கும் முன் கேளுங்கள். உங்கள் ஊரில் வேன் வருகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் ரிசல்ட் வாரத்தில் கண்டிப்பாக வரும்.

நீட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எப்படியும் கேட்பீர்கள். டாக்டர் ஆகாதே என்று எந்தப் பிள்ளையிடமும் நான் சொல்ல மாட்டேன். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்குப் பிறகு கூலி வீட்டுப் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு போட்டு நடப்பதை நானே என் ஆஸ்பத்திரியில் பார்க்கிறேன், பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது. கல்விக் கட்டணம், ஹாஸ்டல் செலவையும் அரசே ஏற்கிறது. ஆனால் ஒரு நிபந்தனையை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் என்ன நடக்கிறது தெரியுமா? பத்தாவதில் பிள்ளை நல்ல மார்க் எடுத்ததும், மாடு கன்றை விற்றாவது தனியார் பள்ளியில் பதினொன்று சேர்த்துவிடுகிறார்கள், நல்லது செய்கிறோம் என்று நினைத்து. அந்த நிமிடமே 7.5 போய்விட்டது. கல்லூரியில் படிக்கும்போது மாதம் ஆயிரம் ரூபாய் வரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களிலும் சிக்கல். டி.சி கேட்டு வரும் பெற்றோரை உட்கார வைத்து இதை ஒருமுறை சொல்லிவிட்டு டி.சி கொடுங்கள். பள்ளிக்கு ஆள் பிடிக்கப் பேசுகிறார் என்று சிலர் சொல்வார்கள், சொல்லட்டும்.

நீட் கிடைக்காத பிள்ளைகள் அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது தமிழ்நாட்டில் +2 மதிப்பெண்ணை வைத்தே சேரக்கூடிய நர்சிங், பார்மசி, எக்ஸ்ரே, லேப், டயாலிசிஸ் படிப்புகள் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. டாக்டர் படிப்புக்குச் சேர்க்கை நடத்தும் அதே தேர்வுக்குழுதான் இதற்கும் கவுன்சிலிங் நடத்துகிறது. விதிகள் வருடா வருடம் மாறும், அதனால் அந்தந்த வருட விளக்கக் கையேட்டைத் திறந்து பார்க்க வேண்டும், போன வருடம் அக்கா சேர்ந்தாள் என்ற கணக்கு உதவாது. எங்கள் பக்கம் முன்பு அரசு மருத்துவக் கல்லூரி என்றால் தஞ்சாவூர்தான், திருவாரூரில் 2010லும் நாகப்பட்டினத்தில் 2022லும் வந்துவிட்டன. கல்லூரி பக்கத்தில் வந்துவிட்டது, அங்கே என்னென்ன படிப்பு நடக்கிறது என்ற தகவல்தான் இன்னும் தெருவுக்குள் வரவில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன், பெருமைக்காக இல்லை, இதற்குப் பெரிய செலவு இல்லை என்று காட்டத்தான். ட்யூட்டி இல்லாத நாளில் பள்ளிக்குப் போவேன். பேச மாட்டேன், முதலில் என் விரலைக் குத்தி ஸ்லைடில் மூன்று சொட்டு ரத்தம் வைத்து, ரத்த வகை கண்டுபிடிக்கிற ஆன்டி ஏ, ஆன்டி பி, ஆன்டி டி என்ற மருந்துகளை ஒவ்வொரு சொட்டிலும் ஒன்றாக ஊற்றிக் கலக்கிக் காட்டுவேன். எதில் ரத்தம் திரிதிரியாகத் திரள்கிறதோ அதை வைத்து என் ரத்த வகையைப் பிள்ளைகளே சொல்ல வேண்டும். பின் பெஞ்சு எழுந்து முன்னால் வந்துவிடும். (அந்த மருந்து என் சொந்தக் காசில் வாங்கியது, ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்து வந்தது என்று யாரும் எழுத வேண்டாம்.) அதன் பிறகு கேள்விகள் தானாக வரும், சம்பளம் எவ்வளவு, ராத்திரி வேலையா, ரத்தம் பார்த்தால் மயக்கம் வருமே, பையன்கள் நர்ஸ் ஆகலாமா. எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொல்வேன், ஒப்பந்த வேலையில் பல வருடம் குறைந்த சம்பளத்தில் கிடக்க வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்து.

நீங்களும் இப்படி ஆள் பிடிக்கலாம். 108 வண்டியில் வருகிற மருத்துவ உதவியாளர், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் பிசியோதெரபி ஆள், ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர், உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியர். இவர்களை எந்தப் பள்ளி விழாவிலும் மேடையேற்றியதில்லை, கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள். உங்கள் பிள்ளைகளின் தெருவிலிருந்தே வந்த ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் சான்றிதழ். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் ரிசல்ட்டுக்கு முன்னாலேயே கையில் இருக்க வேண்டும். அப்பா பெயரில் ஒரு எழுத்து ஆதாரில் ஒன்றாகவும் மார்க் ஷீட்டில் ஒன்றாகவும் இருந்தால் கவுன்சிலிங் நாளில் அழ வேண்டியதுதான். பத்தாவது பெயர்ப் பட்டியல் அனுப்பும்போதே சரிபாருங்கள்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு முதல் வருடம் கஷ்டம்தான், பாடம் முழுக்க ஆங்கிலம். நானும் என் தங்கையும் அதைத் தாண்டித்தான் வந்தோம். விடுமுறையில் சீனியர் அக்கா யாரையாவது வைத்து உடற்கூறு பாடத்தின் முதல் சில அத்தியாயங்களை வாய்விட்டுப் படிக்க வைத்தால் பயம் பாதி குறையும்.

இன்னொன்று, இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். வேலை கிடைத்து ஆஸ்பத்திரி இருக்கும் டவுனில் வாடகைக்கு வீடு தேடினேன். அரசு வேலை என்றதும் சாவியை எடுத்துக் கொடுப்பார்கள், அடுத்த கேள்வி "சொந்த ஊர்ல எந்தத் தெரும்மா?" சொன்னதும் சாவி திரும்பிப் போகும், "மருமகன் வரார், வீடு வேணும்ங்கிறார்" என்பார்கள். அதே வீட்டுக்காரர் சர்க்கரை பார்க்க என் லேபுக்கு வந்து கை நீட்டுகிறார், நான் ரத்தம் எடுக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், படித்தால் எல்லாம் மாறிவிடும் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். படித்தால் சம்பளம் வரும், அம்மா நடவுக்குப் போவது நிற்கும். அதுவே பெரிய விஷயம், அதைச் சொல்லுங்கள்.

உங்கள் பள்ளி திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் என்றால் கமெண்டில் எழுதுங்கள், ட்யூட்டி பார்த்து ஒரு சனிக்கிழமை வருகிறேன். மைக் செட், பொன்னாடை எதுவும் வேண்டாம். ஒரு மேஜை, வெளிச்சமான ஜன்னல், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முன் வரிசையில், முடிந்தால் அவர்களின் அம்மாக்களும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வைத்தால் வேலைக்குப் போன அம்மாக்களும் வந்துவிடுவார்கள்.